அப்பாவைப் போல நடந்தவள்

அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவள் எனக்கு டீச்சர், நான் அவளுக்கு டீச்சர். எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம் அது. எண்பதுகளின் நடுவில் இருவரும் ராஜபாளையத்தில் ஒரே நிறுத்தத்தில் பஸ் ஏறுவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, கோவில் கோபுரத்தை ஒரு கண்ணால் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு, நாங்கள் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கு நடப்போம். நான் கணக்கு. அவள் விளையாட்டு டீச்சர். சின்ன வயதில் சில வருடம் முறையாக நடனம் கற்றிருந்தாள் என்பதால் ஆண்டு விழா ஆட்டங்கள் அத்தனையும் அவள் தலையில்தான் விழும்.

அவளுக்குப் பேச்சு வராது என்று யாரும் சொல்ல முடியாது. பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் வழியெல்லாம் காதுக்கு ஓய்வு இருக்காது. ஆனால் முக்கியமான விஷயம் எதுவும் அவள் வாய் வழியாக வெளியே வராது. அது கையில் வரும், கழுத்தில் வரும், நடையில் வரும். "இன்னைக்கு வண்டியில எந்தக் கண்டக்டர் டீச்சர்?" என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். இல்லாத பையை அக்குளில் இடுக்கி, இடுப்பைக் கம்பியில் சாய்த்து, உதட்டை ஒரு பக்கமாகக் கோணிக் காட்டுவாள். நிறுத்தத்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் ஆள் தெரிந்துவிடும்.

ஒரு நாள் ஆசிரியர் அறையில் எங்கள் தலைமை ஆசிரியையைப் போல நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று சிரிப்பு நின்றது. வாசலில் தலைமை ஆசிரியை நின்றுகொண்டிருந்தார்.

"நான் இப்படியா நடக்கேன்?"

வேறு யாராவது என்றால் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். இவள், "ஆமா டீச்சர். உங்களுக்கு இடது முட்டியில வலி இருக்கா? வெளிய தெரியக்கூடாதுன்னு நடக்கீய. நடந்து பாத்தா எனக்கே வலிக்குது" என்றாள்.

தலைமை ஆசிரியை கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். எங்கள் முன்னால் அவர் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் திரும்பும்போது நான் அவளைக் கடிந்துகொண்டேன். "இது என்ன வேலை டீச்சர், பெரியவங்களக் கேலி பண்ணிக்கிட்டு?"

"கேலி இல்ல டீச்சர். ஒருத்தர மாதிரி நடந்து பாத்தாத்தான் அவியளுக்கு என்னன்னு எனக்கு வெளங்கும்."

என்னையும் அவள் விட்டுவைக்கவில்லை. எனக்குக் கல்யாணப் பேச்சு ஒன்று வந்து தவறிப்போயிருந்த சமயம். நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு நாள் நிறுத்தத்தில் என் குடையை வாங்கி, அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, தோளைக் குறுக்கிக்கொண்டு சுவர் ஓரமாகவே நடந்தாள். "யாரும் கண்ணால கூட இடிச்சிரப்படாதுன்னு நடக்கீய டீச்சர், இந்த ஒரு மாசமா" என்றாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சில நாட்கள் வேறு பஸ்ஸில் போனேன். அவளைப் பிடிக்கும், ஆனால் அவள் பார்வைக்கு முன்னால் நடக்க எல்லோருக்குமே கொஞ்சம் பயம்தான்.

அவளுடைய வீடு சத்திரப்பட்டி போகிற ரோட்டில் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே தறி ஷெட். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிகள். அவளுடைய அப்பா பிறர் ஷெட்டில் கூலிக்கு நின்று, பிறகு சொந்தமாகத் தறி போட்டவர். இரண்டு அண்ணன்கள். பெரியவர் அப்பாவோடு இருந்து தொழிலைப் பார்த்தவர். சின்னவர் திருப்பூருக்குப் போய்விட்டு மனைவி பிள்ளையோடு திரும்பி வந்து, தறிகளில் பாதி தனக்கு என்றார். அந்தப் பேச்சில் சகோதரர்களுக்குள் பேச்சு நின்றுபோனது. வீட்டின் முன்பாதி பெரியவருக்கு, பின்பாதி சின்னவருக்கு என்று ஆனது. அப்பாவின் கட்டில் இரண்டுக்கும் நடுவில் இருந்த நடையில் கிடந்தது.

நான் முதல் தடவை அங்கே போனபோது பார்த்ததை மறக்க முடியாது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் பெரியவர், இந்தப் பக்கம் சின்னவர். நடுவில் அப்பா.

"அப்பா, அந்தக் கோடியில இருக்க தறி மோட்டார அவன் தொடக்கூடாதுன்னு சொல்லுங்க."

அப்பா தலையைத் திருப்பி, "மோட்டாரத் தொடாதலே" என்றார்.

"என் தறிய நான் தொடாம யாரு தொடுவாகளாம், அவர்ட்டக் கேளுங்கப்பா."

அப்பா இந்தப் பக்கம் திரும்பி அதையும் சொன்னார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்ற இரண்டு பேருக்கு நடுவில் அவர் தலை போய்ப் போய் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்பாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு காலை. முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. மைதானத்தில் கோகோ ஆட்டத்துக்குப் போட்ட சுண்ணாம்புக் கோட்டின் மேல் அவள் தனியாக நடந்துகொண்டிருந்தாள். முதுகு லேசாக வளைந்து, கால் அகன்று, ஒரு வயதான ஆம்பிளையின் நடை. கோட்டின் கடைசியில் குனிந்து செருப்பு மாட்டுவது போல ஒரு பாவனை. மறுபடி முதலிலிருந்து.

"யாரு டீச்சர் இது?"

"எங்க அப்பா. புதுசா ஒண்ணு வந்துருக்கு டீச்சர். குனியையில வலது கை இங்க வருது." விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். "பொத்திக்கிடுதாரு. பொத்துறது அவியளுக்கே தெரியல."

அவள்தான் நச்சரித்து அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். வாயு என்றார்கள். அப்புறம் கண் மஞ்சளானது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஈரலில் கட்டி, முற்றிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மதுரை டாக்டர் பெரியவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அந்த வீட்டில் எல்லோரும் ஒத்துப்போன ஒரே முடிவு, அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்பது. குடல் புண் என்று அவரிடம் சொன்னார்கள். அவளை மட்டும் யாரும் நம்பவில்லை. அவளுடைய அம்மா அவள் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, "என் மேல சத்தியம் பண்ணுட்டி. அவருகிட்ட வாயத் தொறக்கப்படாது" என்றார். அவளும் சத்தியம் செய்தாள். "சொன்னா அன்னைக்கே விழுந்துருவாரு. பொறவு அது உன்னாலதான்" என்று பெரிய அண்ணன் சொன்னாராம்.

வாயைத் திறக்கவில்லை அவள். பஸ்ஸில்கூடப் பேச்சு குறைந்துபோனது. ஆண்டு விழா வந்தது. வழக்கமான கும்மியும் கோலாட்டமும் போக, ஒரு புது ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்க ஆரம்பித்தாள். பாட்டு கிடையாது. சில பிள்ளைகள் பெஞ்சுப் பலகையைத் தட்டித் தறிச் சத்தம் எழுப்புவார்கள். நடுவில் ஒரு கிழவர். இரண்டு பக்கமும் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பேண்டேஜ் துணியைப் பிடித்து இழுப்பார்கள். கிழவர் இந்தப் பக்கம் திரும்புவார், அந்தப் பக்கம் திரும்புவார். தறிச் சத்தம் மெல்ல மெல்லக் குறையும். கிழவரின் திரும்பலும் குறையும். ஒன்பதாம் வகுப்பில் படித்த மெலிந்த பெண் ஒருத்தி கிழவராக ஆடினாள். அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக டீச்சர் ஆடும்போது, பலகை தட்டுகிற பிள்ளைகள் தட்ட மறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தலைமை ஆசிரியை ஒத்திகையைக் கடைசி வரை பார்த்தார். "நல்லா இருக்கு. ஆனா வேண்டாம்மா. ஆண்டு விழாவுக்கு வாரவங்க மங்களமா எதையாவது பாத்துட்டுப் போகட்டும்" என்றார். அவள் துணியை மடித்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் ராஜபாளையத்திலிருந்து வருகிற பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அந்த வீட்டுப் பக்கம் போகும்போது அப்பாவிடமே சொல்லிவிட்டார்கள். 'தாத்தா, எங்க டீச்சர் உங்கள மாதிரியே ஆடுனாங்க.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அவரைப் பார்க்கப் போனேன். ஷெட்டுக்குள் வாசல் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால்தான் அவருக்கு வலி மறக்கும் என்று அங்கே உட்கார வைத்திருந்தார்கள். வேட்டிக்குள் கால் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. பேச முடியாத அளவுக்குத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பட்டென்று கரண்ட் போனது. காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது போல அமைதி.

"என்னைய மாதிரி டான்ஸ் ஒண்ணு போட்டியாமே?" என்றார் பக்கத்தில் நின்ற அவளிடம்.

"அது வேண்டாம்னுட்டாகப்பா."

"அவிய வேண்டாம்னா நான் பாக்கக் கூடாதா? ஆடு."

"கரண்ட் வந்துரும்ப்பா."

"வாரதுக்குள்ள ஆடு."

அவள் என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "டீச்சர், தட்டுங்க" என்றாள். நான் பக்கத்துத் தறியின் கட்டையில் தட்ட ஆரம்பித்தேன். எனக்குத் தாளம் கிடையாது. அவளே கையசைத்து என்னைச் சரிப்படுத்தினாள்.

பிள்ளைகள் இல்லாததால் மூன்று பேரையும் அவளே ஆட வேண்டியிருந்தது. முதலில் பெரிய அண்ணன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, பேசுவதற்கு முன்னால் மூக்கைத் துடைக்கிற அவர் பழக்கம். தறி நின்றதும் சுற்றிக் கூடியிருந்த தறிக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு ஒரு தாவலில் இந்தப் பக்கம் வந்து சின்ன அண்ணன். வாட்சைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கால் நிலையாக நிற்காமல். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு, அண்ணன்கள் இருவரும் ஆளுக்கொரு வாசல் வழியாக உள்ளே வந்து நின்றார்கள்.

அதற்குப் பிறகு அவள் நடுவில் வந்து அப்பா ஆனாள்.

இந்தப் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் திரும்பினாள். முதலில் வேகமாக. பிறகு ஒவ்வொரு திரும்பலுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. வலது கை விலாவுக்குக் கீழே போனது. அங்கேயே தங்கியது. யாரும் இப்போது சிரிக்கவில்லை. நான் எப்போது தட்டுவதை நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. அவள் தாளம் இல்லாமலே ஆடினாள். கால் மடங்கியது. தறியின் காலைப் பிடித்துக்கொண்டே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். இடது பக்கம் பார்த்து வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. வலது பக்கம் பார்த்தாள், தலை பாதியில் நின்றது. அப்படியே இருந்தாள்.

"பொறவு?" என்றார் அப்பா.

"அம்புட்டுத்தான்ப்பா."

"நான் எந்திரிக்கவே இல்லையே."

முகத்தை மாற்றிக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை.

அவர் மெல்லப் பெரியவரைப் பார்த்தார். "ஏலே, குடல் புண்ணுக்கு இம்புட்டு ஆகாதுல்ல?"

பெரியவர், எத்தனையோ காலத்துக்குப் பிறகு, தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அப்போது கரண்ட் வந்தது. பல்புகள் எரிந்தன. யாரும் போய்த் தறியின் சுவிட்சைத் தொடவில்லை.

விஷயம் தெரிந்து அம்மா ஓடிவந்து அவள் முதுகில் அடித்தார். "சத்தியம் பண்ணுனியேட்டி, பாவி!"

"நான் வாயத் தொறக்கலையேம்மா" என்றாள் அவள். குறும்பாகச் சொன்ன மாதிரி இப்போது எழுத்தில் தெரிகிறது. அவள் அப்படிச் சொல்லவில்லை. தொலைந்துபோன பிள்ளை அம்மாவிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

வேண்டுமென்றே செய்தாளா என்று நெடுநாள் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவள் யோசித்துச் சொன்னாள். "சிரிக்க வைக்கத்தான் ஆரம்பிச்சேன் டீச்சர். அப்பாவா ஆனதும் கை அதுவா அங்க போச்சு. தடுத்துருக்கலாம். ஆனா தடுத்தா அது எங்க அப்பா இல்லையே."

அவர் அன்றைக்கு விழுந்துவிடவில்லை. மதுரைக்கு இனி வரமாட்டேன் என்றார். விலக்கி வைத்திருந்த கறிக்குழம்பைக் கேட்டு வாங்கி இரண்டு வாய் சாப்பிட்டார். அய்யனார் கோவில் ஆற்றில் கால் நனைக்க வேண்டும் என்றார். இரண்டு மகன்களும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, பாறை வழுக்காமல் கூட்டிப்போனார்கள். அதற்கு மேல் அந்தக் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று அவர்கள் சொல்லி அனுப்பியதை அவர் திருப்பிச் சொல்ல மறுத்துவிட்டார். "உங்க சண்டைய உங்க வாயாலயே போடுங்கலே. எனக்கு நேரமில்ல" என்றார்.

அப்படித்தான் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேச ஆரம்பித்தார்கள். பேசியதில் முக்கால்வாசி அவளைத் திட்டியது. நல்லா இருந்த மனுசனை ஆடிக் காட்டியே படுக்க வைத்துவிட்டாள் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தறிகளைப் பிரிக்காமல் சேர்ந்தே நடத்துவது என்று ஆனது. வீட்டில் எல்லாம் கூடி வந்தபோது அவள் மட்டும் வெளியே இருந்தாள். அப்பா மட்டும் சாயங்காலம் ஆனால் அவளைக் கேட்பார். பஸ் வந்து அவள் வீடு சேர்ந்ததும் கட்டிலில் பக்கத்தில் உட்காரச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் யார் யார் எப்படி நடந்தார்கள் என்று கேட்பார். அவள் உட்கார்ந்தபடியே கையாலும் கழுத்தாலும் காட்டுவாள்.

அவர் போனது ஒரு வேலை நாளின் சாயங்காலம். தேர்வுத் தாள்களைக் கட்டி வைக்க வேண்டியிருந்து நாங்கள் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டோம். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினால் தெருவில் ஆட்கள் நின்றார்கள். உள்ளே அவரைக் கிடத்தித் துணியால் நாடியைக் கட்டியிருந்தார்கள்.

"எப்படிப் போனாரு? என்ன சொன்னாரு?" அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள். அம்மா, "கேக்காதட்டி" என்று வாயில் சேலையை வைத்துக்கொண்டார். சின்னவர் எழுந்து வெளியே போனார். பெரியவர், "நீ பண்ணுனதுக்கு இது வேற தெரியணுமாக்கும்" என்றார். அதற்குப் பிறகும் சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதியை ஒட்டி ஒரு அறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் தனியாகப் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தேன்.

சில காலைகளில் மைதானத்தில் அவளைப் பார்ப்பேன். நடுவில் நின்று திரும்புவாள், மூச்சு வாங்குவாள், சரிந்து உட்காருவாள். அதோடு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வருவாள்.

"அதுக்கு மேல தெரியல டீச்சர். தெரியாதத ஆட முடியல" என்பாள்.

வருடங்கள் ஓடின. எனக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்து பள்ளிக்கும் அனுப்பியாயிற்று. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தலைமை ஆசிரியை ஓய்வு பெற, அடுத்து வந்தவர் அந்த ஆட்டத்தைக் கேள்விப்பட்டு, "போடுங்களேன்" என்றார். பெரிய அண்ணனின் மகள் அப்போது எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். பெற்றவர்கள் வரிசையில் பெரிய அண்ணனும் உட்கார்ந்திருந்ததை நான் மேடை ஓரத்திலிருந்து பார்த்தேன். கிழவராக ஆடிய பெண் சரிந்து உட்கார்ந்ததும் விளக்கை அணைத்தார்கள். கைதட்டினார்கள். விளக்கு வந்தபோது அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் காலை மைதானத்தில் வாடகை நாற்காலிகளை நாங்கள் அடுக்கிக்கொண்டிருந்தோம். அவளுடைய பெரிய அண்ணன் வந்தார். ஆள் இன்னும் கனத்திருந்தார். வெள்ளை வேட்டி முனையைக் கையில் பிடித்தபடி, மூச்சு இரைக்க அவள் முன்னால் நின்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்துப் பாத்தேன்."

"ம்."

"அப்பா அப்படிப் போகல."

அவள் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். "பொறவு?"

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தார், மேற்கே மலையைப் பார்த்தார். நான் நகர்ந்து போய்விடலாம் என்று நினைத்த நேரத்தில், அவர் ஒரு நாற்காலியை இழுத்து அதன் விளிம்பில் உட்கார்ந்தார். கண்ணை மூடித் திறந்தார். பிறகு இரண்டு கையையும் ஊன்றி, அந்தப் பெரிய உடம்பை ஒரு நோயாளியின் உடம்பு போல, கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பி நின்றார். சுவரில் தொங்குகிற எதையோ எடுப்பது போலச் செய்தார். சட்டை. இடது கையை நுழைத்தார். வலது கை சட்டையின் கையைத் தேடி அலைந்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்துவிட்டது போல உள்ளே போனது. பிறகு பட்டன் போட ஆரம்பித்தார். ஒன்று. அடுத்தது. நெஞ்சுக்கு வந்ததும் விரல்கள் நின்றன. அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"எங்க கெளம்புனாரு?" அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பஸ்சு வந்துரும்னாரு. உன்னக் கூட்டிட்டு வரணும்னு எந்திரிச்சாரு. நாந்தான் சட்டையப் பிடிச்சுவிட்டேன்."

"ஏண்ணே அப்பவே சொல்லல?"

"வரலட்டி. எம்புட்டோ தடவ வாயெடுத்தேன். வரல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவர் பக்கத்தில் போய், நெஞ்சில் நின்றிருந்த அவர் விரல்களை உற்றுப் பார்த்தாள்.

"பட்டன் மேல இருந்து போட்டாரா, கீழ இருந்தா?"

"கீழ இருந்து."

"இன்னொரு வாட்டி காட்டுங்கண்ணே."

அவர் மறுபடியும் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவர் கையை ஊன்றினார். அவளும் ஊன்றினாள். இருவரும் சேர்ந்து எழுந்தார்கள்.